கிழங்கு பொய் சொல்லாது

ஜூலை 8, திங்கள்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு அறிவியலை இன்று என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கலந்தாய்வில் இடமாறுதல் வாங்கி ஒரு புது டீச்சர் வந்திருக்கிறாள். பெயர் பெர்சிஸ், வயது இருபத்தொன்பது, விலங்கியல் படித்தவள். ‘அ’ பிரிவு எனக்கு, ‘ஆ’ பிரிவு அவளுக்கு என்று ஹெச்.எம். அனந்தநாயகி மேடம் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

என் மகள் பொன்ரேகா ‘ஆ’ பிரிவில் இருக்கிறாள். இனிமேல் அவளுக்கு அறிவியல் நடத்தப்போவது நான் இல்லை.

நல்லதுதான். இருபத்திரண்டு வருஷம் இரண்டு பிரிவையும் சுமந்தாயிற்று. நோட்டுத் திருத்துவது பாதியாகக் குறையும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சாயங்காலம் பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பி போட்டுக் குடித்தேன்.

ஜூலை 11, வியாழன்

புது டீச்சர் என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுகிறாள். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உலகம்மா அக்கா, லேப் சாவி உங்ககிட்ட இருக்காமே” என்று கேட்டாள்.

“இருக்கு. எதுக்கு?”

“பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய் நாலு சோதனை செய்யலாம்னு.”

“லேப் சும்மா பூட்டிக் கிடக்கல. பிராக்டிகலுக்கு மார்ச்சில திறப்போம்” என்றேன்.

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, அதனால் கோபப்படவும் முடியவில்லை. மத்தியானம் ஹெச்.எம். கூப்பிட்டு, சாவி இனிமேல் ஆய்வக உதவியாளரிடம் இருக்கட்டும், அதுதான் முறை என்றார். சுடலைமுத்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். மனிதர் சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, “ஏளு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறவன் கையில சாவி வந்திருக்கு, பாத்தியளா டீச்சர்” என்றார். பத்து வருஷம் என் கைப்பையில் இருந்த சாவி.

ஜூலை 16, செவ்வாய்

‘அ’ பிரிவுக்குப் பரவல் நடத்தினேன். கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் கட்டம், மஞ்சளால் புள்ளிகள். செறிவு அதிகமான இடத்திலிருந்து செறிவு குறைவான இடத்துக்கு மூலக்கூறுகள் நகர்வதே பரவல். மூன்று தடவை சொன்னேன், நாற்பது பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். சத்தமில்லாத வகுப்பு. என் வகுப்பு எப்போதும் அப்படித்தான்.

பாதியில் பக்கத்து அறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. சாம்பிராணி. பெர்சிஸ் ‘ஆ’ பிரிவின் ஒரு மூலையில் சாம்பிராணியைக் கொளுத்தி வைத்துவிட்டு, வாசனை வந்ததும் கையைத் தூக்குங்கள் என்று சொல்லியிருக்கிறாள். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுவரை கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தனவாம். வாசனையோடு சிரிப்பும் கூச்சலும் சுவரைத் தாண்டி வந்தன.

என் வகுப்பிலும் தலைகள் திரும்பின. ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், இது அங்கன இருந்து இங்க வருதுல்லா, இதுவும் பரவல்தானா?” என்று கேட்டாள்.

“உட்காரு. தேர்வுல சாம்பிராணி வராது” என்றேன்.

ஜன்னலைச் சாத்தினேன். வாசனை நிற்கவில்லை. கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது. மணி அடிக்கிற வரைக்கும் என் வகுப்பில் பிள்ளைகள் அவளுடைய பாடத்தைத்தான் முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஜூலை 18, வியாழன்

பொன்ரேகா சாம்பிராணிக் கதையை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். தோசை கருகிவிட்டது.

ஜூலை 23, செவ்வாய்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுக்களை மேடையில் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் கெட்டியான சீனிப்பாகு. தண்ணீரில் உலர் திராட்சை, பாகில் பச்சைத் திராட்சை.

“அம்மா, தொட்டுராத. நாளைக்குக் காலைல பாக்கணும்” என்றாள் பொன்ரேகா.

“இது என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ட்டி.”

“தெரியும். ஆனா பாக்கணும்ல.”

பிறகு எனக்கே பாடம் நடத்தினாள். திராட்சையின் தோல் ஒரு சவ்வு மாதிரி, தண்ணீரை விடும், சீனியை விடாது. தண்ணீர் அதிகமாக இருக்கிற பக்கத்திலிருந்து குறைவாக இருக்கிற பக்கத்துக்குத் தண்ணீர் போகும். அதனால் உலர்ந்தது உப்பும், பச்சை சுருங்கும். அதுதான் சவ்வூடுபரவல். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கண்ணெல்லாம் வெளிச்சம்.

“இதத்தான் போன லீவுல நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நோட்ல படமே வரஞ்சு கொடுத்தேன்” என்றேன்.

“ஆமாம்மா, நீ சொன்ன. நான் மனப்பாடம் பண்ணேன். இப்பதான் புரியுது.”

அவள் என்னைக் காயப்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஜூலை 24, புதன்

காலையில் எறும்பு வந்திருந்தது. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டு கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். “எறும்பா? பாகுல சரி, தண்ணில எப்பிடிம்மா எறும்பு வரும்?” என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

ஜூலை 26, வெள்ளி

ஹெச்.எம். அறைக்கு அழைப்பு. மாவட்டக் கல்வி அலுவலர் ஆகஸ்ட் எட்டாம் தேதி வருகிறார். பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பன்னிரண்டு அறிவியல் ஆசிரியர்களும் வருகிறார்கள். ஒரு மாதிரி வகுப்பு நடத்த வேண்டும். இதுவரைக்கும் நம் பள்ளியில் மாதிரி வகுப்பு என்றால் நான்தான். போன தடவை இலையின் குறுக்குவெட்டு நடத்தினேன். ‘அச்சடித்த மாதிரி இருக்கிறது படம்’ என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

“என்ன தலைப்பு மேடம், நான் சார்ட் போட ஆரம்பிச்சுருதேன்” என்றேன்.

அவர் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சவ்வூடுபரவல். பெர்சிஸ் செய்யட்டும்னு இருக்கேன் உலகம்மா.”

கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமலே தொடர்ந்தார்.

“உங்களுக்குத் தெரியாததா. இப்ப வர்ற அதிகாரிங்கல்லாம் செயல்பாடு, செயல்பாடுங்காங்க. அந்தப் பிள்ளைக்கு அது நல்லா வருது. நீங்க சீனியர், கூட இருந்து ஒத்தாசை பண்ணுங்க.”

“சரி மேடம். கண்டிப்பா.”

வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியருகே கொஞ்ச நேரம் நின்றேன். வெயில் அதிகம். தலை வலித்தது, அவ்வளவுதான்.

ஜூலை 30, செவ்வாய்

‘அ’ பிரிவில் நானும் ஒரு சோதனை செய்தேன். உருளைக்கிழங்கின் நடுவில் குழி தோண்டி, அதில் சீனிக்கரைசலை ஊற்றி, அடிப்பாகம் தண்ணீரில் இருக்கும்படி வைக்க வேண்டும். கீழே இருக்கிற தண்ணீர் கிழங்கின் செல்கள் வழியாக மேலே ஏறி, குழியில் இருக்கும் கரைசல் உயரும். நான் படிக்கிற காலத்தில் எத்தனையோ தடவை செய்தது.

குழியை ஆழமாகத் தோண்டிவிட்டேன் போல. அடியில் ஓட்டை விழுந்து, கரைசல் மொத்தமும் ஒழுகிப் போய்விட்டது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதட்டியிருக்கலாம். முதல் பெஞ்சுக்காரி மட்டும் ரொம்ப மரியாதையாக, “‘ஆ’ பிரிவுல நல்லா வந்துச்சாம் டீச்சர். அவங்ககிட்டக் கேட்டுட்டு வரட்டுமா?” என்றாள்.

மீதி நேரம் டிக்டேஷன் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பெர்சிஸ் தன் திட்டத்தை என்னிடம் காட்டினாள். இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்புக் கரைசல். உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்குச் சீவி, காலை எட்டு மணிக்கே இரண்டிலும் போட்டுவிடுவது. பதினொரு மணி வகுப்பில் பிள்ளைகள் முதலில் யூகிக்க வேண்டும், பிறகு ஒவ்வொருத்தியாக வந்து எடுத்து வளைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீரில் கிடந்தது நீரை உறிஞ்சி விறைப்பாக இருக்கும், வளைத்தால் ஒடியும். உப்பில் கிடந்தது நீரை இழந்து துவண்டு தொங்கும்.

“எளிமையா இருக்கு. அதிகாரி முன்னால இவ்வளவு எளிமையாவா?” என்றேன்.

“அதான்க்கா பயமா இருக்கு. நான் இப்பிடிப் பெரிய ஆட்கள் முன்னால நடத்துனதே இல்ல. ராத்திரி தூக்கமே வரல.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. “உப்பு எத்தன கரண்டி போடலாம்னு நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். சரியான அளவைத்தான் சொன்னேன்.

வீட்டில் பொன்ரேகா அவளுக்காக வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. என் பிறந்தநாள் போன மாதம்தான் போனது. கடையில் வாங்கிய அட்டை கொடுத்தாள்.

ஆகஸ்ட் 7, புதன்

நாளை மாதிரி வகுப்பு. பள்ளி விட்டதும் லேபில் ஏற்பாடு நடந்தது. பெர்சிஸ் கரைசல் தயாரித்தாள். சுடலைமுத்து அண்ணாச்சி ‘நீர்’, ‘உப்புக் கரைசல்’ என்று எழுதிய தாள்களைப் பசை தடவி ஜாடிகளில் ஒட்டினார். ஐந்து மணிக்கு அவளுக்குப் பஸ். “அக்கா இருக்கீங்கல்லா, அப்ப எனக்குக் கவலை இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணாச்சி மாடி ஜன்னல்களைச் சாத்தப் போனார்.

இரண்டு ஜாடியிலும் இருந்தது பார்வைக்கு ஒன்று போலத்தான் இருந்தது. லேபிள் லேசாகக் கிளம்பியிருந்தது. பசை காய்வதற்குள் சரியாக ஒட்டி வைத்துவிட்டு வந்தேன்.

ஆறே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். ரசம், அப்பளம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கூட்ட அறையில் முன் பெஞ்சுகளில் ‘ஆ’ பிரிவு. பின்னால் நாற்காலிகளில் கல்வி அலுவலர், ஹெச்.எம்., வெளிப் பள்ளி ஆசிரியர்கள், நான். அண்ணாச்சி ஜாடிகளைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தார். பெர்சிஸ் பச்சைக் கரை போட்ட காட்டன் சேலை கட்டியிருந்தாள். ஆரம்பத்தில் குரல் நடுங்கியது, பிறகு சரியாகிவிட்டது. யூகம் கேட்டாள். பிள்ளைகள் எல்லாம் சரியாகச் சொன்னார்கள். கல்வி அலுவலர் ஏதோ குறித்துக்கொண்டார்.

முதல் பிள்ளை வந்து, ‘உப்புக் கரைசல்’ என்று எழுதிய ஜாடியிலிருந்து கிழங்குத் துண்டை எடுத்து வளைத்தாள். பட்டென்று ஒடிந்தது.

அடுத்தவள் ‘நீர்’ ஜாடியிலிருந்து எடுத்தாள். அது நனைந்த நாடா மாதிரித் தொங்கியது.

பெர்சிஸ் இன்னொரு துண்டை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது பின் வரிசையிலிருந்தே தெரிந்தது. வெளிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். கல்வி அலுவலர் பேனாவை மூடினார். நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

பிறகு அவள் நிமிர்ந்து, “நான் எதிர்பார்த்தது இது இல்ல. நீங்களும் இத எதிர்பார்க்கல. என்ன நடந்திருக்கும்? யார் சொல்லுவீங்க?” என்று கேட்டாள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து பொன்ரேகா எழுந்தாள்.

“டீச்சர், கிழங்கு பொய் சொல்லாது. ஜாடியில எழுதியிருக்கறதுதான் தப்பா இருக்கணும்.”

“எப்பிடி நிரூபிப்ப?”

“நாக்குல வச்சுப் பாக்கலாம்.”

“லேப்ல எதையும் வாயில வைக்கக் கூடாது. வேற வழி?”

பொன்ரேகா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். யோசிக்கும்போது அவள் சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான் செய்வாள். “ரெண்டுலயும் ஒவ்வொரு சொட்டு எடுத்துச் சூடு பண்ணலாம் டீச்சர். தண்ணி ஆவியாப் போயிரும். உப்பு போவாது.”

ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார்கள். இரண்டு கண்ணாடி வில்லையில் இரண்டு சொட்டு. பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். கல்வி அலுவலரும் நாற்காலியிலிருந்து எழுந்து போனார். ‘நீர்’ என்று எழுதிய ஜாடியிலிருந்து எடுத்த சொட்டு வற்றி, வில்லையில் வெள்ளையாகப் படிந்தது. மற்றதில் ஒன்றும் இல்லை.

கை தட்டினார்கள். வெளிப் பள்ளி ஆசிரியர்களும்தான். கல்வி அலுவலர், “இந்த வருஷம் நான் பார்த்ததுல இதுதான் வகுப்பு” என்று சொல்லிப் பெர்சிஸுக்குக் கை கொடுத்தார். பொன்ரேகாவைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டார். அவள் பெர்சிஸின் தோளோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பெர்சிஸ் அழுதுகொண்டே அவள் தலையைத் தடவினாள். நானும் கை தட்டினேன்.

அவர் போன பிறகு ஹெச்.எம். முகம் மாறிவிட்டது. “ஒரு லேபிள ஒழுங்கா ஒட்டத் தெரியாதா? தப்பிச்சோம். இல்லேன்னா மானம் போயிருக்கும்” என்று சுடலைமுத்து அண்ணாச்சியை எல்லோர் முன்னாலும் கேட்டார். அண்ணாச்சி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் பொன்ரேகா சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“நேத்து நீ லேட்டா வந்தியேம்மா. லேப்லயா இருந்த?”

“ஆமா.”

“நீ வரும்போது லேபிள் சரியா இருந்துச்சா?”

“நான் எதுக்குட்டி அதப் பாக்கப் போறேன்?”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பொன்ரேகா இன்று என்னுடன் பள்ளிக்கு வரவில்லை. முந்தின பஸ்ஸில் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு. பதில் திருப்தியாக இல்லையென்றால் பணிப் பதிவேட்டில் ஏறும் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். முப்பத்தோரு வருஷ வேலையில் அவருக்கு இதுதான் முதல் மெமோவாம்.

பெர்சிஸ் அவருக்காக ஹெச்.எம்.மிடம் போய்ப் பேசியிருக்கிறாள். வகுப்பு நன்றாகத்தானே முடிந்தது, விட்டுவிடுங்கள் என்று. அது பள்ளியின் ஒழுங்கு சம்பந்தப்பட்டது என்று மேடம் சொல்லிவிட்டாராம். இவளுக்கு எல்லாவற்றிலும் நல்ல பெயர்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மத்தியானம் காலி வகுப்பில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். கையில் மெமோவும் ஒரு வெள்ளைத் தாளும்.

“டீச்சர், ஒரு ஒத்தாசை. இதுக்குப் பதில் எழுதணும். எனக்கு அந்த பாஷை வராது. உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்லா.”

“என்னன்னு எழுத அண்ணாச்சி?”

“என் தப்புதான்னு எழுதிருங்க. மன்னிச்சுக்கச் சொல்லி.”

“நீங்க மாத்தி ஒட்டுனியளா?”

அவர் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். “அதான் டீச்சர் தெரியல. நான் சரியாத்தான் ஒட்டுனேன்னு கண்ணுக்குள்ள நிக்கி. ஆனா ஜாடியில வேற மாதிரிதான இருந்துச்சு. அப்ப நான்தான மாத்தியிருக்கணும். எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுது. கடைசில எங்களயே தெரியல. வீட்ல சொல்லல. சொன்னா பயந்துருவா. இப்பல்லாம் வெளிய கிளம்பும்போது கேஸ அணைச்சேனான்னு தெருமுக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாக்கேன்.”

நான் எழுதினேன். ‘ஐயா/அம்மா அவர்களுக்கு, வணக்கம். கடந்த 7ஆம் தேதி என்னுடைய கவனக்குறைவால்...’ என் அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில் ஒரு பக்கம். அவர் படித்துப் பார்க்கவில்லை. கீழே கோணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, “நல்லா இருக்கணும் டீச்சர் நீங்க” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

லேபிள் கிளம்பியிருக்கவில்லை. நான்தான் கிளப்பினேன். பசை ஈரமாக இருந்தது, நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டது. இதிலிருந்து அதிலும், அதிலிருந்து இதிலும் ஒட்டினேன். சுருக்கம் விழாமல் கைக்குட்டையால் நீவிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

முதல் மணிக்கு முன்னால் ஹெச்.எம். அறைக்குப் போனேன். மேசை மேல் அண்ணாச்சியின் கடிதம் இருந்தது.

“மேடம், இந்தக் கடிதத்த நான்தான் எழுதினேன்.”

“தெரியுது, உங்க எழுத்துதான. பாவம், நல்லா எழுதிக் கொடுத்திருக்கீங்க.”

“லேபிள மாத்துனதும் நான்தான்.”

அவர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. மறுபடி சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஏன்?”

ஒரு மாதத்துக்கு மேலாக இந்த நோட்டில் எழுதாமல் விட்ட சொல்லை அங்கே சொன்னேன். “பொறாமை மேடம்.”

“உலகம்மா, இருபத்திரண்டு வருஷம். இந்தக் கடிதத்தோட இத முடிச்சுருவோம். அவருக்கு ஒரு எச்சரிக்கையோட போயிரும். பென்ஷன்லல்லாம் கை வைக்க மாட்டாங்க. நீங்க இங்க சொன்னத நான் கேக்கல.”

அந்த நேரத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். மனசுக்குள் ஒரு பாதி எழுந்தும் விட்டது. நானும் சொல்லிவிட்டேன், அவர்தான் வேண்டாம் என்றார் என்று எனக்கு நானே பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

“அவரு தனக்கு மறதி வந்துட்டுன்னு நெனச்சுப் பயந்துட்டு இருக்காரு மேடம். அந்த எச்சரிக்கைய அவரு பதிவேட்டுல படிக்க மாட்டாரு. தலைக்குள்ள படிச்சுக்கிட்டே இருப்பாரு.”

மேடம் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். அதை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, இன்னொரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன். அதே எழுத்தில், என் பெயரில் எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அண்ணாச்சியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் லேபில் சோதனைக்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தண்ணீரை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு, “அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார். “எனக்கு ஒண்ணும் இல்ல. நான் சரியாத்தான் ஒட்டியிருக்கேன்.” அதையே மூன்று தடவை சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க போங்க டீச்சர். இப்ப உங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல” என்றார்.

பெர்சிஸுக்கு ஹெச்.எம். சொல்லியிருந்தார். ஆசிரியர் அறையில் யாருமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன் டீச்சர்” என்றாள். அக்கா போய்விட்டது. “அன்னைக்கு அந்தக் கிழங்கு ஒடிஞ்சப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? எனக்கே பாடம் தெரியலன்னு தோணுச்சு. இத்தன நாள் பிள்ளைகளுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேனோன்னு. நான் ஒங்க கையப் பிடிச்சுக்கிட்டு பயமா இருக்குன்னு சொன்னேன். அத வச்சே செஞ்சிருக்கீங்க.”

என் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பொன்ரேகாவிடமும் சொன்னேன். “தெரியும்” என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அன்னைக்கே தெரியும். நீ சொல்லுவேன்னு பாத்தேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, “ஏம்மா, என்னாலயா?” என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. “உன்னாலயும்தான். அவளப் பத்திப் பேசும்போது உன் மொகம் வேற மாதிரி ஆயிரும். எங்கிட்டப் பேசும்போது அப்பிடி ஆவாது.”

“நீ எங்கிட்டப் பேசறது எல்லாம் மார்க்கப் பத்திதாம்மா.”

மீதித் துணியை இரண்டு பேருமாக மடித்தோம். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அவள் அப்பாவிடம் போனில் இதைச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. மெமோ என் பெயரில். பத்தாம் வகுப்பிலிருந்து நீக்கி, ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் போட்டிருக்கிறார்கள். ‘அ’ பிரிவையும் பெர்சிஸே பார்ப்பாள்.

நான் வராந்தாவில் போனால் பேச்சு நிற்கிறது. பொன்ரேகாவின் வகுப்பிலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரோ ஒருத்தி, “உங்கம்மா உப்புக்காரி” என்று சொன்னாளாம். பொன்ரேகா அவளை அடித்துவிட்டாள். பெர்சிஸ்தான் கூப்பிட்டு விசாரித்து, இரண்டு பேரையும் சமாதானம் செய்து அனுப்பியிருக்கிறாள். எனக்காக என் மகள் அடித்திருக்கிறாள் என்று கேட்டதும் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆறாம் வகுப்பு. கரும்பலகைப் படம் இவர்களைப் பிடித்து வைக்கவில்லை, ஐந்து நிமிஷத்தில் பெஞ்சுக்குக் கீழே போய்விடுகிறார்கள். பக்கத்து அறையில், பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவில், என் பழைய பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

உணவு கெடாமல் பாதுகாப்பது பற்றிப் பாடம். வெள்ளரிக்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்து, நீர் ஊறி வருவதைக் காட்டினேன். செல்லுக்குள்ளே இருக்கிற தண்ணீரை உப்பு வெளியே வரவழைக்கிறது, அதனால்தான் ஊறுகாயும் கருவாடும் கெடுவதில்லை என்றேன். பிள்ளைகள் தட்டைச் சுற்றி முண்டியடித்தார்கள். என் சேலையெல்லாம் உப்பு.

மாரீஸ்வரி என்று ஒரு பிள்ளை. அவள் அப்பா சைக்கிளில் மீன் விற்கிறவர். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்தாள்.

“டீச்சர், செத்த மீன உப்புல போட்டா சுருங்கிக் கருவாடா ஆவுது. கடல்ல உசுரோட இருக்க மீனு பூரா நேரமும் உப்புத் தண்ணிலதான கெடக்கு. அது ஏன் சுருங்கல?”

நான் தாவரவியல்காரி. அரைகுறையாக ஏதோ ஞாபகம் வந்தது. ‘அது மேல் வகுப்பில் வரும், உட்காரு’ என்று சொல்லியே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். இன்றைக்கு, “எனக்குத் தெரியாது. கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுதேன்” என்றேன். அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

கேட்க வேண்டிய ஆள் யார் என்பதில் சந்தேகமில்லை. இரண்டு பீரியட் தள்ளிப்போட்டேன். கடைசியில் போனேன். பெர்சிஸ் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஆறாங்கிளாஸ்ல ஒரு பிள்ளை கேக்கா” என்று ஆரம்பித்துக் கேள்வியைச் சொன்னேன்.

சிவப்புப் பேனா நின்றது. “ஆறாங்கிளாஸா? இந்தக் கேள்வியையா?” ஒரு நொடி அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்து போனது. அது எனக்காக வந்தது இல்லை. கிழிந்த தாள் ஒன்றை இழுத்து மீன் வரைந்தாள். கடல் மீனும் தண்ணீரை இழந்துகொண்டேதான் இருக்கிறது, அதனால் விடாமல் கடல்நீரைக் குடிக்கிறது, கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. உயிரோடு இருக்கும்வரை அந்த வேலை நிற்காது, செத்ததும் நின்றுவிடுகிறது. அம்புக்குறி போட்டுக் காட்டினாள். தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி நோட்டுக்குள் குனிந்தாள்.

“ரொம்ப நன்றி” என்றேன்.

“அந்தப் பிள்ளை பேரு என்ன?”

சொன்னேன். தலையாட்டினாள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, புதன்

முதல் பீரியட்டே ஆறாம் வகுப்பு. மாரீஸ்வரி பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள். விடையை நேராகச் சொல்லியிருக்கலாம். எங்கிருந்து தெரிந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“நேத்து மாரீஸ்வரி கேட்டதுக்கு எனக்கு விடை தெரியல. பெர்சிஸ் டீச்சர்கிட்டப் போய்க் கேட்டுட்டு வந்தேன். அவங்க சொன்னதத்தான் இப்ப சொல்லப் போறேன்” என்றேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

“அப்ப அவங்களுக்கு உங்களவிட நெறையத் தெரியுமா டீச்சர்?” என்று மாரீஸ்வரி கேட்டாள்.

‘மீனைப் பத்தின்னா, ஆமா’ என்று சொல்ல வாய் எடுத்தேன்.

“ஆமா” என்று மட்டும் சொன்னேன். பிறகு சாக்பீஸை எடுத்து மீனை வரைய ஆரம்பித்தேன்.